நூறு புலம்

கரடியனாற்றில் கரண்ட் செத்து ஆறு வருசம்.
நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடியைத் திருப்பி
யன்னலால் வரும் சூரியனைப் பிடித்துத்தான்
இரத்தம் படிக்கிறேன்.
முகில் மூடினால் வேலை இல்லை.
நாலு மணிக்குப் பிறகு
காய்ச்சல்காரர் எல்லாரும் நாளைக்காரர்.

ஒரு கண்ணாடித் துண்டில் நூறு புலம் பார்க்கவேண்டும்.
நூறிலும் காணாவிட்டால்தான்
"இல்லை" என்று எழுதலாம்.
வட்டைக்குப் போகிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்:
"நூறு புலமா? போடியாருக்கும் இல்லையேகா!"

நேசமலர் முதலில் வந்தது பங்குனியில்.
ஆறு வற்றி, மணலில் குழிகுழியாய்த் தண்ணி தங்கி
குழிக்குள் நுளம்பு முட்டையிடும் காலம்.
கடிஞ்சூல். ஐந்தாம் மாதம்.
"முழுகாம இருக்கன்" என்றாள், நிலத்தைப் பார்த்து.
நேற்று நடுக்கம் விட்டதும்
பாய் நனைய வியர்வையில் முழுகினாளாம்;
அதைச் சொன்னது மச்சாள்.

மோதிரவிரலில் ஊசி. ஒரு துளி.
நூறு புலம்.
இல்லை.

சித்திரையில் வந்தாள். இல்லை.

வைகாசியில்
மருத்துவிச்சி சீனித்தங்கம் அவள் கண்மடலை இழுத்துப் பார்த்து
"தேங்காய்ப்பூப் போல கிடக்கு,
இவள்ற ரத்தத்த ஆர் குடிக்கிற?" என்று
என்னைக் கேட்டா.
நான் திரும்பப் பார்த்தேன்.
இல்லை.

என் கையெழுத்து வட்டமானது.
அழகு என்று எல்லாரும் சொல்வார்கள்.
மூன்று "இல்லை"யும் பதிவேட்டில்
முத்துக் கோர்த்தாற்போல் இருந்தன.

ஆனி ஒன்பது. எட்டாம் மாதத்திலேயே வலி.
கிளினிக் தராசின் சுருள் எப்போதோ போய்விட்டது,
கூட்டுறவுக் கடைச் சீனித் தராசைத் தூக்கிவந்தார்கள்.
ஒரு கிலோ அறுநூறு.
கடைக்காரன் பழக்கதோசத்தில்
தட்டை ஒருக்கால் விரலால் தட்டிப் பார்த்தான்.
முள் அசையவில்லை.

மறுகா சீனித்தங்கம் வந்தா,
முழங்கை வரை கழுவியும் கழுவாமலும்,
கையில் ஒரு கண்ணாடித் துண்டு.
"விரல் பொய் சொல்லும். இது இளங்கொடி.
வெயில் போகமுன்ன படிச்சுப் பாரு."

நேரம் மூன்றரை.
சாயமிட்டு, கழுவி, காயவைத்து
எண்ணெய் ஒரு துளி விட்டுக் குனிந்தேன்.

முதல் புலத்திலேயே.

சூடடித்த களத்தில் குருவி இறங்கினாற்போல்
நெருக்கியடித்துக்கொண்டு,
தின்றதின் கறுப்புப் பொடி
ஒவ்வொன்றின் வயிற்றிலும்.
எண்ணவில்லை. எண்ணுவதற்கு இடைவெளி வேண்டும்.

படிக்கையில் சூல்வித்தகம் என்று பாடமாக்கினேன்,
தாயின் சோறு பிள்ளைக்குப் போகும் வழி.
அந்த வழியில் சென்ரி போட்டு
மூன்று மாதம் இருந்திருக்கின்றன,
போகிற ஒவ்வொரு பருக்கையையும் மறித்து.
விரல்நுனிக்கு வருவானேன்?

நேசமலரை உழவு மெசினில் வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள்.
மட்டக்களப்புக்குப் போனால் இரத்தம் ஏற்றலாம்,
கறுப்புப் பாலத்தில் விட்டால்.
ஐந்தரைக்குப் பிறகு விடமாட்டான்.
அவள் புருசன் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை,
நிழலைப் பார்த்தான்.

ஏற்றுமுன்
பிள்ளையின் குதிக்காலில் குத்தினேன்.
அழ அதற்குப் பெலன் காணாது.
காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது.

பதிவேட்டில் விரலுக்கு நிரல் உண்டு.
இளங்கொடிக்கு இல்லை.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே எழுதினேன்.
எழுத்து வட்டமாய் வரவில்லை.
மேலே கிடந்த மூன்று "இல்லை"யையும்
வெட்டவில்லை.
வெட்டினால் நானே அவற்றை மறந்துபோவேன்.

இன்று காலை நல்ல வெயில்.
பாலத்தால் வந்தவர்கள் யாருக்கும்
நேசமலர் பற்றித் தெரியவில்லை.
குதிக்கால் துளியை வைத்து
கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பினேன்.

ஒன்று, இரண்டு, பதினேழு,
அறுபத்துநாலு,
தொண்ணூற்றொன்பது,
நூறு.

பேனையைத் திறந்தேன்.
மூடினேன்.

நூற்றோராம் புலத்துக்கு
மெல்லத் துண்டை நகர்த்துகிறேன்.